இரண்டு அலமாரிகளுக்கு நடுவே

1938இல் வெளிவந்த ‘சேவாசதனம்’ படத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவிக்கு மூன்று பெயர்கள் சிரமமில்லாமல் கிடைக்கும். மூலக் கதையை எழுதிய பிரேம்சந்த், படத்தை இயக்கிய கே. சுப்ரமணியம், கதாநாயகியாக நடித்த எம்.எஸ். சுப்புலட்சுமி. நான்காவது பெயருக்கு அவள் கொஞ்சம் அலைய வேண்டும். பிரேம்சந்தின் நாவலைத் தமிழாக்கியவர் எஸ். அம்புஜம்மாள். அந்த மொழிபெயர்ப்பு ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வந்தது. தமிழ்த் திரைக்கு அந்தக் கதை வந்து சேர்ந்த வழி அதுதான்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இந்த நால்வரையும் தேடிப் பாருங்கள். பிரேம்சந்த் இந்தி இலக்கியப் பகுதியில் இருப்பார். சுப்ரமணியம் சினிமாவில். எம்.எஸ். இசையில். அம்புஜம்மாளுக்கும் ஓர் அலமாரி உண்டு: விடுதலைப் போராட்டம். காங்கிரஸ் தலைவர் எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள், காந்தியின் வழி நடந்து சிறை சென்றவர் என்ற முறையில் அவர் அங்கே இருக்கிறார். அவருடைய ‘நான் கண்ட பாரதம்’ நூலும் அங்கேதான் கிடைக்கும். கணவனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டுப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படும் ஒரு மனைவியின் கதையை, குடும்பங்கள் படிக்கும் வாரப் பத்திரிகைக்கு ஒரு பெண் மொழிபெயர்த்துக் கொடுத்தாள் என்ற செய்தி மட்டும் எந்த அலமாரியிலும் இல்லை. அது அலமாரிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது.

ஆய்வு முறையியல் வகுப்புகளில் நூலகத்தை ஒரு முன்வேலையாகச் சொல்லித் தருகிறார்கள். நூல்களைத் தேடு, பட்டியல் போடு, மேற்கோளைக் குறித்துக்கொள். பிறகு வீட்டில் உட்கார்ந்து விமர்சனம் எழுது. இலக்கியத்தையும் சினிமாவையும் சேர்த்துப் படிக்க விரும்பும் பெண்களுக்கு இந்த வரிசை உதவாது. எந்தப் பெயரின் கீழ் எதைத் தேட வேண்டும் என்று அட்டவணை சொல்லும்போதே யார் படைப்பாளி, யார் உதவியாளர், எது கலை, எது பொழுதுபோக்கு என்ற தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. அந்தத் தீர்ப்புகளைக் கேள்வி கேட்காமல் எழுதப்படும் பெண்ணிய விமர்சனம், எவ்வளவு கூர்மையான கோட்பாட்டைக் கையில் எடுத்தாலும், நூலகம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெண்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்.

கதவு

நூலகமும் பெண்ணும் என்றதும் வர்ஜீனியா வுல்ஃப் நினைவுக்கு வருவார். 1929இல் வெளிவந்த ‘தனக்கென்று ஓர் அறை’ நூலில் அவருடைய கதைசொல்லி ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் நிறுத்தப்படுகிறாள். துணைக்கு ஓர் ஆண் பேராசிரியர் வர வேண்டும், அல்லது அறிமுகக் கடிதம் வேண்டும். பிறகு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகிறாள். அங்கே உள்ளே விடுகிறார்கள். ஆனால் அட்டவணையில் ‘பெண்கள்’ என்ற தலைப்பைப் பிரித்தால் பெண்களைப் பற்றி ஆண்கள் எழுதிய புத்தகங்கள்தாம் வரிசையாக நிற்கின்றன. முதல் தடையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

முதல் தடை ஏதோ பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். 2014 நவம்பரில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில், மகளிர் கல்லூரியின் இளநிலை மாணவிகள் மைய நூலகத்தைப் பயன்படுத்த அனுமதிக்கப்படாதது நாடு முழுவதும் விவாதமானது. மாணவிகளை விட்டால் மாணவர்கள் நான்கு மடங்கு வருவார்கள் என்ற பொருளில் துணைவேந்தர் பேசியது செய்தியாயிற்று. விவகாரம் அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போனது. அடுத்த ஆண்டே டெல்லியில் ‘பிஞ்சரா தோட்’ என்று மாணவிகள் திரண்டார்கள். விடுதிக் கதவு ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம் என்று மூடப்படுவதை எதிர்த்த அந்த இயக்கத்தின் வாதங்களில் நூலகமும் ஒன்று. நூலகம் இரவு வரை திறந்திருக்கிறது, விடுதி மாலையிலேயே பூட்டிவிடுகிறது என்றால் அந்த நூலகம் யாருக்காகத் திறந்திருக்கிறது?

நம் ஊர் மகளிர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். வகுப்பு முடிந்து, பேருந்து பிடித்து, நூலகத்தில் இரவல் சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டு கட்டாக இருக்கும் பழைய இதழ்கள் கிடங்கிலிருந்து வந்து சேர்வதற்குள் ஆறு மணி ஆகிவிடும். நேரம் இல்லாதவள் எளிதில் கிடைப்பதைத்தான் படிப்பாள். எளிதில் கிடைப்பது ஏற்கெனவே மறுபதிப்பு கண்ட நூல், ஏற்கெனவே பேசப்பட்ட படம். கேட்டருகே வருகைப் பதிவேட்டோடு நிற்கும் விடுதிக் காப்பாளருக்கும் தமிழ் இலக்கிய விமர்சனத்தின் தரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் சிரிக்க வேண்டியதில்லை.

எண்

உள்ளே போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எண்கள்.

பெரும்பாலான நூலகங்கள் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. இலக்கியத்துக்கு 800 வரிசை. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, அடுத்தடுத்து ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம் என்று 880 வரை போய், உலகின் மற்ற மொழிகள் எல்லாம் 890 என்ற ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. தமிழ் இலக்கியம் 894.811. சினிமா 791.43, விளையாட்டும் பொழுதுபோக்கும் இருக்கும் 790 வரிசைக்குள். பெண்களைப் பற்றிய நூல்கள் 305.4; சமூகவியலில்.

ஆக, தமிழ்ப் பெண் ஒருத்தி எழுதிய நாவல் திரைப்படமாக வந்திருந்தால், நாவல் ஒரு மூலையில், படம் பற்றிய நூல் இன்னொரு மூலையில், அவள் பெண் என்ற விஷயம் மூன்றாவது மூலையில். பல நூலகங்களில் இவை வெவ்வேறு தளங்கள். துறைகளும் அப்படியே பிரிந்திருக்கின்றன. தமிழ்த் துறை மாணவி 894ஐத் தாண்டுவதில்லை. காட்சி ஊடகத் துறை மாணவி 791ஐத் தாண்டுவதில்லை. மகளிரியல் மாணவி 305இல் நிற்கிறாள். ஒரே எழுத்தாளரின் மூன்று துண்டுகளை மூன்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் அவர்கள் சந்திப்பதே இல்லை.

எண்களை உருவாக்கியவரின் கதையும் நமக்கு வேண்டியது. டூயி தன் நூலகப் பள்ளியில் பெண்களைச் சேர்த்துக்கொண்டவர் என்று பாராட்டப்பட்டவர். அதே டூயி பெண் நூலகர்களிடம் அத்துமீறி நடந்ததாக எழுந்த புகார்களால் 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க நூலகச் சங்கத்தில் தன் இடத்தை இழந்தார். அந்தச் சங்கம் தன் உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது 2019இல்தான். நூறாண்டுக்கும் மேலாகப் பெண் நூலகர்கள் அவருடைய எண்களைப் புத்தக முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நமக்குச் சொந்தமாகவும் ஒரு பகுப்பு முறை உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ நூலை 1931இல் வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதியை விளக்கும்போது, பெண்களுக்கு நூல் எதற்கு என்று கேட்கும் சமூகத்தோடு அவர் வழக்காடுகிறார். அந்தக் காலத்துக்கு அது சிறிய விஷயமில்லை. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கான வழி சுவாரசியமானது. முதலில் மொழி, பிறகு வடிவம், பிறகு ஆசிரியர். ஆசிரியரைக் குறிக்க அவர் தேர்ந்தெடுத்தது பிறந்த ஆண்டை. 1901இல் பிறந்த ஒரு நாவலாசிரியர் 1901க்குரிய குறியீட்டோடு அலமாரியில் நிற்பார். மொழிச் சார்பு இல்லாத, நேர்த்தியான ஏற்பாடு.

பிறந்த ஆண்டு தெரிந்திருந்தால் மட்டும்.

இந்த விதியைப் பெண்களின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்படாதவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கிடையாது. பெயரைச் சொல்லாமல் ‘ஒரு மாது’ என்று கையெழுத்திட்டு மாதர் பத்திரிகைக்கு எழுதியவளுக்குப் பிறந்த நாள் எங்கே பதிவாகியிருக்கும்? ஆணின் வாழ்க்கை ஆவணங்களில் பதிவாகும் என்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிற எந்த ஒழுங்கும், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலேயே, பெண்ணை ஒழுங்குக்கு வராதவளாக ஆக்கிவிடும். ரங்கநாதனின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அவருடைய எண் சரியான சான்று.

பெயர்

எண்ணைவிடச் சிக்கலானது பெயர். வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தவர். ஐந்து வயதைத் தாண்டியதும் திருமணம். பள்ளிக்குப் போனதில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதித் தந்து உருவானது அவருடைய முதல் நாடகம். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தத் தொடங்கி, 115 நாவல்கள் எழுதினார். ‘அநாதைப் பெண்’ 1938இல் படமானது. ‘தயாநிதி’ நாவலைத் தழுவி, அவர் இறந்த பிறகு, 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் ‘சித்தி’யை எடுத்தார்.

‘வை.மு.’ என்ற இரண்டு எழுத்துகள் கணவர் வீட்டுப் பெயரிலிருந்து வந்தவை. அட்டவணையில் அவர் ‘வை’யில் இருக்கிறாரா, ‘கோ’வில் இருக்கிறாரா என்பது அட்டவணை தயாரித்தவரைப் பொறுத்தது. ரோமன் எழுத்துக்குப் போனால் தொல்லை இரட்டிக்கும். ‘தை’க்கு டி மட்டுமா, ஹெச் சேர்க்க வேண்டுமா? ‘நாயகி’க்குக் கே எழுத்தா, ஜி எழுத்தா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணினி அட்டவணைகள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றன. நாம் வேறொன்றைத் தட்டினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும். 115 நாவல் எழுதியவர் இல்லாமல் போக ஓர் எழுத்து போதும்.

ராஜம் கிருஷ்ணன் என்ற பெயரை மேல்நாட்டு முறைப்படி கடைசிப் பெயரை முன்னால் வைத்துப் பதிந்தால் அவர் ‘கிருஷ்ண’னில் போய் நிற்பார். அது அவருடைய கணவர் பெயர். திரிபுரசுந்தரி என்ற மருத்துவர் ‘லட்சுமி’ என்ற புனைபெயரில் எழுதினார். கணினியில் லட்சுமி என்று தட்டிப் பாருங்கள். தெய்வமும் நடிகையும் விரதப் புத்தகமும் வந்த பிறகு அவர் வருவார். ஆண் எழுத்தாளர்களும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் கல்கியும் புதுமைப்பித்தனும் யார் என்று அட்டவணைக்கு நன்றாகத் தெரியும். பெயர்களை இணைத்துவைக்கும் வேலையை யாருக்காகச் செய்வது என்பதும் ஒரு மதிப்பீடுதான்.

பொருள் தலைப்புகளிலும் இதே கதை. அமெரிக்க நூலகர் சான்ஃபோர்ட் பெர்மன் 1971இல் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் உள்ள இன, பால் சார்புகளைப் பட்டியலிட்டு ஒரு நூலே எழுதினார். பல தலைப்புகள் பிறகு மாறின. மாறாதது ஒன்று உண்டு: ஆண் இயக்குநர் வெறும் இயக்குநர், பெண் இயக்குநர் ‘பெண் இயக்குநர்’. இந்தத் தனித் தலைப்பு நமக்கு உதவுகிறது. அதன் வழியாகத்தான் பெண்களைக் கண்டுபிடிக்கிறோம். அதே தலைப்பு, வெறும் ‘இயக்குநர்’ என்று தேடுகிறவருடைய கண்ணில் அவர்களைப் படாமலும் வைக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தக் கற்க வேண்டும்.

ஒரு மனமும் இரண்டு உள்ளமும்

நூலகத் தேடலே விமர்சனமாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1963இல் எல்.வி. பிரசாத் இயக்கிய ‘இருவர் உள்ளம்’. சிவாஜி கணேசன், சரோஜாதேவி நடிப்பு. மு. கருணாநிதி வசனம். படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சிவாஜியின் நடிப்பைப் பேசுவார்கள், வசனத்தைப் பேசுவார்கள், கே.வி. மகாதேவனின் பாடல்களைப் பேசுவார்கள். மூலக்கதை லட்சுமி என்பது ஒரு வரியில் முடிந்துவிடும்.

791.43இலிருந்து எழுந்து 894.811க்கு நடந்து போய் அந்த நாவலை எடுத்தால் முதல் செய்தி அட்டையிலேயே இருக்கிறது. நாவலின் பெயர் ‘பெண் மனம்’.

‘பெண் மனம்’ எப்படி ‘இருவர் உள்ளம்’ ஆயிற்று? நாவலின் தலைப்பு ஒருத்தியின் மனத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறது. படத்தின் தலைப்பு அந்த இடத்தில் பாதியை ஆணுக்குக் கொடுக்கிறது. தான் வெறுக்கும் ஒருவனுக்கு மனைவியாக வேண்டி வந்த பெண்ணின் கதை இது. அவள் மனத்தில் என்ன நடக்கிறது என்பது ஒரு கேள்வி. இருவரும் எப்படி ஒன்று சேர்வார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு அவள் மன்னிக்காமலே இருந்துவிடுவதும் ஒரு பதிலாக இருக்க முடியும். இரண்டாவது கேள்வி, கேட்கப்படும்போதே சமரசத்தைக் கோருகிறது. நட்சத்திரக் கதாநாயகன் ஒருவனைச் சுமக்க வேண்டிய வணிகப் படத்துக்கு இரண்டாவது கேள்விதான் தோது. தலைப்பு மாறியதில் சதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே ஒரு கதை பெண்ணின் கையிலிருந்து நழுவத் தொடங்குகிறது என்பதை அந்த மாற்றம் காட்டுகிறது. அடுத்து எந்த நிகழ்வுகள் அவள் நினைவாகச் சொல்லப்படுகின்றன, எவை அவன் வசனமாக மாறின, கடைசிச் சொல் யாருடையது என்று இரண்டையும் பக்கம் பக்கமாக, காட்சி காட்சியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டை இலக்கியத் துறை செய்யாததற்குக் காரணம் உண்டு. 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது பெற்ற பிறகும் லட்சுமி ‘குடும்ப நாவல்’ எழுதியவர் என்றே ஒதுக்கப்பட்டார். சினிமா ஆய்வு செய்யாததற்கும் காரணம் உண்டு: அங்கே அவர் ‘மூலக்கதை’ மட்டும். ஒரு துறை அவரை ஜனரஞ்சகம் என்று தள்ளுகிறது. இன்னொரு துறை அவரைக் கச்சாப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு தள்ளுபடிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இரண்டு அலமாரிகளுக்கும் போய்வந்தவளுக்குத்தான் அது தெரியும்.

படம் இல்லாதபோது

சில சமயம் போய்ப் பார்க்கப் படமே இருக்காது. டி.பி. ராஜலட்சுமி 1931இல் ‘காளிதாஸ்’ பேசும்படத்தின் கதாநாயகி. 1936இல் ‘மிஸ் கமலா’வை எழுதி, இயக்கி, தயாரித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர். படத்துக்கு அடிப்படை அவரே எழுதிய ‘கமலவல்லி’ நாவல். நாவலாசிரியை, நடிகை, இயக்குநர், தயாரிப்பாளர் நால்வரும் ஒரே பெண். ஆனால் ‘காளிதாஸ்’ படப்பிரதியும் இல்லை, ‘மிஸ் கமலா’ படப்பிரதியும் இல்லை. பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்தன, உருகின, வெள்ளிக்காக விற்கப்பட்டன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். அதே ஆண்டில்தான் ராஜலட்சுமி இறந்தார்.

படம் இல்லை என்பதால் விமர்சனமும் இல்லை என்று விட்டுவிடலாமா? ‘முதல் பெண் இயக்குநர்’ என்ற பட்டத்தை மட்டும் ஆண்டுதோறும் மகளிர் தினக் கட்டுரைகளில் திருப்பித் திருப்பி எழுதுவது ஒருவகையில் அவரை மறப்பதுதான். அந்தப் பட்டத்துக்கு அப்பால் போக நூலகத்தில் வழிகள் உண்டு.

ஒன்று, பாட்டுப் புத்தகம். படம் ஓடும் கொட்டகையில் அணா கணக்கில் விற்ற மெல்லிய புத்தகங்கள். பாடல்களோடு நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் இருக்கும். முடிவைச் சொல்லாமல் மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். பல பல்கலைக்கழக நூலகங்கள் இவற்றை நூல் என்றே கருதவில்லை, அட்டவணையில் ஏற்றவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் இத்தகைய ‘குப்பை’களையும் சேர்த்துவைத்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் யாரை முதல் வாக்கியத்தில் வைக்கிறது? நடிகையின் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீமதி’யா, ‘மிஸ்’ஸா, ஒன்றுமில்லையா? அந்த அடைமொழிகளில் சாதியும் மரியாதையும் விலை பேசப்படுகின்றன.

இரண்டு, அரசின் பதிவுப் பட்டியல். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு மாகாணமும் அச்சான நூல்களின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்டது. காலனி அரசு தன் கண்காணிப்புக்காகச் செய்தது அது. நமக்கு அதில் தலைப்பு, ஆசிரியர், அச்சகம் மட்டுமன்றி எத்தனை படிகள் அச்சாயின, விலை என்ன, பதிப்புரிமை யாரிடம் என்பதும் கிடைக்கிறது. ஒரு பெண் எழுதிய நாவலின் பதிப்புரிமை அவள் பெயரில் இருந்ததா, கணவன் பெயரிலா, பதிப்பாளர் பெயரிலா என்ற ஒரே பத்தி, எழுத்தும் சொத்தும் பற்றி ஓர் அத்தியாயம் எழுதப் போதும்.

மூன்று, இதழ்த் தொகுதிகள். நாவலின் புத்தக வடிவத்தை மட்டும் படித்தால் அது தொடராக வந்தபோது பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. சோப்பு விளம்பரம், மருந்து விளம்பரம், வாசகியர் கடிதம், அந்த வாரப் பட விமர்சனம், இவற்றுக்கு நடுவில்தான் பெண்கள் அந்தக் கதையைப் படித்தார்கள். ஒரு எச்சரிக்கை: நூலகங்கள் இதழ்களைக் கட்டடம் செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிடுவது வழக்கம். ஆகவே ஒரே தொகுதியை இரண்டு நூலகங்களில் பார்ப்பது நல்லது.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு 1936ஆம் ஆண்டை மறுபடி பாருங்கள். ‘மிஸ் கமலா’ வந்த அதே ஆண்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ நாவல் வெளிவந்தது. ஒருவர் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய்க் கதை சொன்னவர். இன்னொருவர் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து அறிந்து, சுயமரியாதை இயக்க மேடைகளில் அதை எதிர்த்தவர். அடுத்த இரண்டாண்டில் ‘சேவாசதனம்’; அதில், தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்த சுப்புலட்சுமி குடும்பப் பெண்ணாக நடிக்கிறார். மேடையில் பாடும், ஆடும், நடிக்கும் பெண்ணைத் தமிழ்ச் சமூகம் என்ன செய்வது என்று தெரியாமல் தத்தளித்த அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி மூன்று பெண்கள், நாவலாகவும் படமாகவும் மொழிபெயர்ப்பாகவும், ஒரே நேரத்தில் பேசியிருக்கிறார்கள். நூலகம் அவர்களை இயக்க வரலாறு, சினிமா, விடுதலைப் போராட்டம் என்று பிரித்துவைத்திருக்கிறது. அவர்களை ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது விமர்சகியின் வேலை.

எளிதில் கிடைப்பது

இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். மாணவிகளின் ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு வார்ப்பு அடிக்கடி தட்டுப்படுகிறது. முதல் அத்தியாயத்தில் லாரா மல்வி 1975இல் எழுதிய, திரைப்படத்தில் ஆணின் பார்வை பற்றிய கட்டுரையின் சுருக்கம். அடுத்த அத்தியாயங்களில் மூன்று அண்மைப் படங்கள். முடிவுரையில், மல்வி சொன்னது சரி. அந்தக் கட்டுரை முக்கியமானது, படிக்கத்தான் வேண்டும். ஆனால் அது பல்கலைக்கழகம் சந்தா கட்டும் தரவுத்தளத்தில் ஒரு சொடுக்கில் வருகிறது. ‘ஜகன்மோகினி’ வருவதில்லை. கோட்பாடு மேற்கிலிருந்து கையருகே வந்துவிடுகிறது. நம் பெண்களின் எழுத்துக்குத்தான் தூரம் போக வேண்டியிருக்கிறது. மாணவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எது மின்னாக்கம் ஆகிறது, எது கிடங்கில் பூச்சி அரிக்கிறது என்ற முடிவை அவர்கள் எடுக்கவில்லை.

‘ஷோத்கங்கா’ போன்ற ஆய்வேட்டுக் களஞ்சியம் உண்மையில் பெரிய உதவி. ஒரே தலைப்பில் எத்தனை ஆய்வேடுகள் வந்திருக்கின்றன என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தாலே எந்தப் பெண்கள் திரும்பத் திரும்ப ஆராயப்படுகிறார்கள், யார் ஒருமுறைகூட வரவில்லை என்பது தெரிந்துவிடும். வராதவர்களின் பட்டியல்தான் அடுத்த ஆய்வுக்குரிய தலைப்பு.

நூலகம் தராததைப் பெண்களே உருவாக்கிய முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. எழுத்தாளர் அம்பை, சி.எஸ். லட்சுமி என்ற ஆய்வாளராகத் தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி எழுதிய நூல் 1984இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்களுக்கான ஒலி, காட்சி ஆவணக் காப்பகத்தைத் தோழிகளோடு தொடங்கினார். ஆய்வாளர் ஏன் காப்பகத்தைக் கட்ட வேண்டும்? எழுத்தில் பதிவாகாத பெண் வாழ்க்கையைக் குரலாகவும் படமாகவும் சேர்த்தால்தான் அடுத்தவளுக்குத் தேட ஏதாவது இருக்கும் என்பதால்.

எல்லோரும் காப்பகம் தொடங்க முடியாது. ஆனால் நூலகருடன் பேச முடியும். பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்களில் அட்டவணையில் ஒரு பிழையோ விடுபட்ட பெயரோ இருந்தால் சொல்லித் திருத்தச் செய்யலாம். ‘இருவர் உள்ளம்’ பற்றிய நூலின் பதிவில் லட்சுமியின் பெயரையும், லட்சுமியின் பதிவில் திரிபுரசுந்தரியையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்க அரைத்தாள் போதும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நாவல், தொடர் வந்த இதழ், படம், பாட்டுப் புத்தகம் நான்கையும் ஒரே வரிசையில் கொடுத்தால் அடுத்து வருகிறவள் நான்கு தளங்கள் ஏறி இறங்க வேண்டாம். வீட்டில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பாட்டுப் புத்தகமோ, பைண்டு செய்த தொடர்கதையோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு நூலகத்தைக் கேளுங்கள். கிழித்துச் சேர்த்த தொடர்கதையின் ஓரத்தில் பாட்டி பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் அதை அழிக்காமல் கொடுங்கள். அந்தக் கதையை முதலில் விமர்சித்தவள் அவளாக இருக்கலாம்.